பதினெட்டாம் நம்பர் முள்

கெய்சர் வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தொன்றில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. நூல், பொத்தான், லேஸ், சிப், பாசிமணி, ஜரிகை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். சில்லறை போடும் டின் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பது தூண்டில் முள், எல்லாம் 18ஆம் நம்பர். தூண்டில் முள்ளுக்கு நம்பர் ஏற ஏற அளவு குறையும். 18 என்றால் கிட்டத்தட்ட ஒரு நெல்மணி. அந்த நெல்மணியின் மேல் வாத்து இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி செய்வதுதான் 1991 முதல் 2002 வரை எனக்குச் சோறு போட்டது.

இப்படி ஒரு தொழில் நம் நாட்டில் இருப்பதே புறக்கோட்டையில் பலருக்குத் தெரியாது. ட்ரவுட் என்பது குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். அதைப் பிடிக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மண்புழு குத்தாமல், இறகாலும் மயிராலும் செய்த போலிப் பூச்சியை வீசுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஃபிளை என்று பெயர். நாங்கள் ஈ என்றே சொன்னோம். அந்த நாட்டுக் கடைகளில் விற்கும் ஈக்களில் பெரும் பங்கு இலங்கை, தாய்லாந்து, கென்யா போன்ற நாடுகளில் கட்டப்பட்டுப் போகிறது. கட்டுவது பெரும்பாலும் பெண்கள். வைஸ் என்ற சிறு இடுக்கியில் முள்ளைப் பிடித்து, விரலால் நூலைச் சுற்றிச் செய்கிற வேலை இது. சட்டைக்குக் கை பூட்ட இயந்திரம் வந்துவிட்டது, ஈக்கு இறக்கை பூட்ட இன்னும் விரல்தான்.

ஈயை வடிவமைத்தவருக்கு அங்கே பெயர் உண்டு. கடைப் பட்டியலில் அவர் பெயரிலேயே அந்த ஈ விற்கும். விற்கிற ஒவ்வொரு டஜனுக்கும் அவருக்குப் பங்குத்தொகை கொடுக்கிற நிறுவனங்களும் உண்டு. கட்டியவளுக்கு என் காலத்தில் ஒரு இலக்கம் இருந்தது. என்னுடையது 114. கட்டுகிறவளின் பெயர் அந்த அட்டையில் இருக்க வேண்டும், அவள் செய்கிற பூச்சி பிறக்கிற தண்ணீரை ஒரு தடவையாவது அவளுக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் பத்திரிகையில் எழுதிக் கேட்க வேண்டும் என்று எனக்கு வருஷக்கணக்காக இருக்கிறது.

என் அம்மாவின் ஊர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமந்த நாட்டாமி. கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த அம்மா, ஒவ்வொரு வருஷமும் பாடசாலை விடுமுறைக்கு எங்களை லயத்துக்கு அனுப்பிவிடுவாள். அங்கே தாய்மாமா. இளவயதில் துரைமார் மீன்பிடிக்கப் போகும்போது வலையும் கூடையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்திடம் போன பிறகு வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். மீன் போகவில்லை. அந்த ஓடையில் அதற்குப் பிறகும் இருந்தது.

ட்ரவுட் இந்த நாட்டு மீன் அல்ல. 1880களில் அதன் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாவில் பொரிக்க வைத்தார்கள். முதலில் வந்தது பழுப்பு ட்ரவுட். அதற்குப் பின் வந்த வானவில் ட்ரவுட்தான் மலை ஓடைகளில் தானாகப் பெருகி நிலைத்தது. 1896இல் துரைமார் சேர்ந்து இலங்கை மீன்பிடிக் கழகத்தை ஆரம்பித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நீலகிரியிலும் இதே கதைதான். அவலாஞ்சியில் 1907இல் எச். சி. வில்சன் என்ற அதிகாரி ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார். மாமாவின் அண்ணன் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தார். அவர் எழுதிய முதல் கடிதத்தில் இருந்த ஒரு வரியை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கேயும் துரைமீன் இருக்கிறது தங்கச்சி, என்று எழுதியிருந்தாராம். மீனையும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோனார்கள், எங்கள் ஆட்களையும் கொண்டுபோனார்கள்.

1981இல் எனக்குப் பதினொரு வயது. ஒருநாள் சாயந்தரம் மாமா என்னை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். கல்லுக்குக் கல் நுரைத்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் அகன்று மெதுவாகிறது. அதன் மேல் சின்னச் சின்ன வட்டங்கள். மழைத்துளி என்றேன். மாமா வாயில் விரல் வைத்தார். "சத்தம் போடாத புள்ள. மீனு வாயக் காட்டுதா, முதுகக் காட்டுதான்னு பாரு. வாயக் காட்டுனா மேல மெதக்கிறதத் திங்குது. முதுகக் காட்டுனா தண்ணித் தோலுக்கு அடியில திங்குது." அன்று எல்லா மீனும் முதுகைத்தான் காட்டியது. மூக்கு வெளியே வரவே இல்லை. தண்ணீர் உள்ளிருந்து ஒரு தள்ளுத் தள்ளி வீங்கும், முதுகுத் துடுப்பு ஒரு கணம் தெரியும், வட்டம் விரியும்.

தண்ணீரின் தோல் என்று மாமா சொன்னது வெறும் பேச்சு அல்ல. பால் தேத்தண்ணி ஆறும்போது மேலே ஆடை படிகிறதே, தண்ணீருக்கும் அப்படி ஒரு மேற்தோல் உண்டு. நமக்கு அது தெரியாது, நெல்மணி அளவுப் பூச்சிக்கு அது கூரை. மேஃப்ளை என்ற பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் புழுப் பருவத்தில் ஓடைக் கல்லுக்கு அடியில் கழிக்கும். அதற்குள் பல தடவை தோல் கழற்றும். பிறகு ஒருநாள் மேலே நீந்திவந்து அந்தக் கூரையில் முட்டி நிற்கும். முதுகுத் தோல் வெடிக்கும். வெடித்த தோலுக்குள்ளிருந்து தலையும் நெஞ்சும் இறக்கையும் தண்ணீருக்கு மேலே வரும், வயிறும் வாலும் இன்னும் பழைய தோலுக்குள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். பறக்கவும் முடியாது, முங்கவும் முடியாது. சில விநாடிகள்தான். மீனுக்கு அந்த விநாடிகள் தெரியும்.

தப்பிப் பறந்ததற்கும் வாழ்வு நீளமில்லை. இறக்கை முளைத்த பிறகும் ஒரு தடவை தோல் கழற்றுகிற பூச்சி உலகில் இது ஒன்றுதான். அதன்பின் அதற்குத் தின்ன வாய் கிடையாது. இணை சேர்ந்து, முட்டையைத் தண்ணீரில் விட்டு, சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் இறந்துபோகும். பத்திரிகைகளில் இதை ஈசல் என்று எழுதிவிடுகிறார்கள். ஈசல் கறையான் புற்றிலிருந்து கிளம்புவது, இது தண்ணீரிலிருந்து கிளம்புவது. இரண்டும் வேறு. மாமா இதைத் தண்ணிப்பூச்சி என்பார், எனக்கும் அந்தப் பெயர் போதும். குளிர் நாடுகளில் அது வசந்தத்திலும் கோடையிலும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். நம்முடைய மலையில் அப்படிக் கெட்டியான பருவம் இல்லை.

பாதி வெளிவந்து பாதி தோலுக்குள் கிடக்கும் அந்தக் கோலத்தைப் போலச் செய்கிற ஈக்கு எமேர்ஜர் என்று பெயர். நான் பதினோரு வருஷம் கட்டியவற்றில் பாதிக்குமேல் எமேர்ஜர். ஆனால் ஓடைக்கரையில் மாமா காட்டியதும் வைஸில் நான் கட்டியதும் ஒன்றுதான் என்று நான் வேலை செய்த தொழிற்சாலையில் எனக்கு எவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாதிரி ஈ ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். வால் முள்ளின் தண்டளவு, இறக்கை இத்தனை மில்லிமீற்றர், தலையில் நூல் இத்தனை சுற்று. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பூச்சி.

கட்டுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், கை இன்னும் மறக்கவில்லை. வளைந்த தண்டுள்ள முள்ளை வைஸில் பூட்டு. மெழுகு தடவிய மெல்லிய நூலைக் கண்ணிலிருந்து பின்னோக்கிச் சுற்று, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது. பின்பக்கம் பழுப்பு நிறச் செயற்கை இழையில் ஏழெட்டை வைத்துக் கட்டு. வயிற்றுக்கு மயிரைப் பஞ்சுபோலத் திரித்து, நூலோடு முறுக்கிச் சுற்று, நெஞ்சுப்பக்கம் வரும்போது கனம் கூட்டு. கடைசியில் இறக்கை. அதற்கு வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் சின்ன இறகு. சி.டி.சி. என்பார்கள். அந்த இறகின் நுண்ணிழைகள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறவியிலேயே எண்ணெய் ஊறியிருக்கும். அதனால் வயிறு தண்ணீருக்குள் தொங்கினாலும் இறக்கை மேலே நிற்கும். சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைப்பக்கத்தில் முதலில் பயன்பட்ட இறகு அது. கை வியர்த்தால் அது படிந்துபோகும், அதனால் மத்தியான வெயிலில் நாங்கள் மடியில் துண்டு விரித்து ஒவ்வொரு இறகுக்கும் விரலைத் துடைப்போம். நல்ல நாளில் எனக்கு எட்டு டஜன் முடியும். அதை விடக் கூடச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கண் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

1996 என்று ஞாபகம். ஒரு புது மாதிரி வந்தது. உடம்பு அழகாக இருந்தது, இறக்கை அழகாக இருந்தது, பின்னால் மட்டும் அந்தப் பழுப்பு இழை பிய்ந்து, நீளமும் குட்டையுமாக, தும்பு தும்பாகத் தொங்கியது. தபாலில் வரும்போது நசுங்கிவிட்டது என்று நினைத்தோம். எங்கள் வரிசையில் ஒன்பது பேர். கட்டி முடித்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றின் வாலையும் நேராக வெட்டி, ஈர விரலால் தடவிப் படியவைத்து, அழகாகப் பெட்டியில் அடுக்கினோம். எங்கள் கைசுத்தத்தைக் காட்டினோம். நாற்பது டஜன்.

இரண்டு மாதம் கழித்து முழுப் பெட்டியும் திரும்பி வந்தது. மூன்று நாள் கூலி கழிக்கப்பட்டது. ஏன் என்று கேட்டோம், வால் பிழை என்றார்கள். எது சரியான வால் என்று கேட்டோம், மாதிரியைப் பார் என்றார்கள். அந்தத் தும்பு என்ன என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசருக்கும் தெரியாது, அவரும் எங்களைப் போல மீனைக் காணாதவர்.

அது கழற்றப்பட்ட தோல். பூச்சி வெளியே வரும்போது வாலில் இழுபட்டு வருகிற பழைய சட்டை. மீன் அதைப் பார்த்துத்தான் இது இன்னும் பறக்காத பூச்சி, ஓடிப்போகாது என்று கண்டுபிடிக்கிறது. நாங்கள் வெட்டி எறிந்தது அந்த ஈயின் உயிரை. நான் ஒருத்தியாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். மாமாவோடு அந்தக் கரையில் குந்தியிருந்தவள் நான். அந்த மூன்று நாள் கூலியை நான் இன்னும் மறக்காததற்குக் காரணம் காசு அல்ல.

வேலையை விட்டு இந்தக் கடை போட்ட பிறகுதான் எனக்கு மிச்சமெல்லாம் தெரிந்தது. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் மகளின் கல்யாணச் சேலைக்கு ஜரிகை வாங்க வந்தார். பேச்சுப் பேச்சில் நான் ஈ கட்டியது வெளியே வந்தது. அடுத்த கிழமை ஒரு கட்டுப் பழைய சஞ்சிகைகளும் இரண்டு புத்தகங்களும் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் படித்தேன். நாங்கள் கட்டிய ஒவ்வொரு ஈக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

இங்கிலாந்தில் ஹால்ஃபோர்ட் என்பவர் 1886இல் எழுதிய புத்தகத்திலிருந்து, தண்ணீருக்கு மேலே மிதக்கும் ஈதான் கௌரவமானது என்ற எண்ணம் பரவியது. ஸ்கூஸ் என்ற லண்டன் வழக்கறிஞர், மீன் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் என்று 1910இல் எழுதினார். அதற்காக அவரோடு சண்டை பிடித்தார்கள். 1938இலும் லண்டன் கழகமொன்றில் அதைப் பற்றி விவாதம் வைத்தார்கள். கரையில் நின்ற மாமாவைக் கேட்டிருந்தால் வாயா முதுகா என்று பார்க்கச் சொல்லியிருப்பார். 1971இல் அமெரிக்காவில் ஸ்விஷர், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு எமேர்ஜர் என்ற சொல் அங்கே பெருகியது. ஒல்லாந்துக்காரரான ஹான்ஸ் வான் கிளிங்கன் 1980களின் தொடக்கத்தில் நோர்வேயின் குளோமா ஆற்றில் நின்று உருவாக்கிய ஈயில், வயிறு தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கும், ஒரு வெள்ளைக் கொண்டை மட்டும் வெளியே தெரியும். அதை நான் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரிம் சுங். கொரியாவிலிருந்து அமெரிக்கா போய் டென்வர் நகரில் வாழ்ந்தவர். சவுத் பிளாட் ஆற்றுக்காக 1970களில் ஆர்.எஸ்.2 என்ற எமேர்ஜரைச் செய்தார். இரண்டு வால் இழை, மெல்லிய வயிறு, ஒரு பொட்டு இறக்கை. அவ்வளவுதான். மிஞ்சியதையெல்லாம் எடுத்தெறிந்து எடுத்தெறிந்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். ஆற்றில் இறங்கிப் பார்த்துப் பார்த்துச் செய்தவருக்கே அந்தத் துணிவு வரும். என் காலத்தில் எங்கள் வரிசையில் அந்த ஈயும் வந்தது. ஆசியாக்காரர் ஒருவர் செய்த பூச்சியை ஆசியாக்காரிகள் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம், அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது.

செட்டியார் தெருவில் தாலி செய்யக் கொடுக்கும்போது எந்தப் பத்தர் செய்கிறார் என்று கேட்டுத்தான் கொடுக்கிறோம். பிழை என்றால் அவரிடமே திரும்பிப் போகிறோம். நல்லது என்றால் தங்கச்சியையும் அவரிடமே கூட்டிப்போகிறோம். தேயிலைப் பெட்டியில்கூடத் தோட்டத்தின் பெயர் அடித்துத்தான் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். கொழுந்து பறித்தவளின் பெயர் அதில் இல்லை என்ற கவலை எனக்கு உண்டு, ஆனால் அவள் பறித்த கொழுந்து ஆயிரம் பேரின் கொழுந்தோடு கலந்து போகிறது. ஈ அப்படிக் கலப்பதில்லை. முதல் சுற்றிலிருந்து தலைமுடிச்சுவரை ஒருத்தியின் கை. ஒரே மாதிரியைப் பார்த்து ஒன்பது பேர் கட்டினால், எது யாருடையது என்று எனக்குக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே சொல்ல முடியும். நூலை இழுக்கிற இழுப்பு கையெழுத்து மாதிரி.

அதனால் கேட்கிறேன். ஒரு டஜன் ஈ போகிற அட்டையில் ஒரு வரி போடுவதற்கு என்ன செலவு? கட்டியவர் இன்னார், ஊர் இன்ன இடம். பெயர் போட விருப்பமில்லாத பெண் முதலெழுத்தைப் போடட்டும். மொன்டானாவில் ஒருவர் நல்ல மீன் பிடித்துவிட்டு அதே கை கட்டிய ஈ இன்னொரு டஜன் வேண்டும் என்று கேட்கிற நாள் வந்தால், அந்தக் கைக்கு விலை கேட்கும் பலமும் வரும். இப்போது கூலி கூட்டிக் கேட்டால் கிடைக்கிற பதில், இதே ஈயை வேறு நாட்டில் மலிவாகக் கட்டுவார்கள் என்பது. இலக்கத்துக்கு மாற்று இலக்கம் உண்டு. பெயருக்கு அவ்வளவு சுலபமாக மாற்றுக் கிடைக்காது.

தேசிய அருங்கலைகள் பேரவையிடமும் இதையே கேட்கிறேன். முகமூடி செதுக்குவதும் பன் பாய் பின்னுவதும் பீரளு லேஸ் போடுவதும் கைவினை என்றால், வாத்து இறகில் ஒரு பூச்சியின் பிறப்பைச் செய்வதும் கைவினைதான். நூறு வருஷப் பழமை இல்லை என்பார்கள். பீரளுவும் ஒருகாலத்தில் கப்பலில் வந்ததுதானே. என்னோடு வேலை செய்த எட்டுப் பேரில் ஒருத்தியிடம்கூட இந்தக் கைவேலைக்கு என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லை. பதினைந்து இருபது வருஷம் கட்டியவர்கள். வேறு வேலை தேடிப் போனால் அனுபவம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் சந்தை எப்படியெல்லாம் ஆடும் என்பதையும் ஒரு கடைக்காரியாகப் பார்த்திருக்கிறேன். ஈ கட்டுவதற்கென்றே இறகு நீளமாக வளரும் சேவல்களை அமெரிக்காவில் கொலராடோவில் வளர்க்கிறார்கள். 2011இல் அங்கே பெண்கள் தலைமுடியில் அந்த இறகை வைத்துக்கொள்ளும் மோகம் வந்து, மீன்பிடிக் கடைகளில் இறகு இல்லாமல் போய் விலை ஏறியது. அந்த வருஷம் என் கடைக்கும் பெண்பிள்ளைகள் வந்து, அன்ரி, தலைக்கு வைக்கிற கோடுபோட்ட இறகு இருக்கா என்று கேட்டார்கள். இறகுக்கு ஒரே வருஷத்தில் மதிப்பு ஏறும். கட்டுகிற விரலுக்கு இத்தனை வருஷத்தில் ஏறவில்லை.

மீனைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மறைத்தவள் ஆவேன். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த ட்ரவுட் அதற்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதி. அங்கே இன்னொரு ட்ரவுட் குஞ்சை விடுவதை நான் எதிர்ப்பேன். என் ஈ அந்த மீனுக்காகச் செய்யப்பட்டது என்பதற்காக அந்த இறாலை நான் விட்டுக்கொடுக்க முடியாது. ஏற்கெனவே மீன் இருக்கிற தாழ்ந்த ஓடைகளும் நீர்த்தேக்கங்களும் மலைநாட்டில் உண்டு. அங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தூண்டில் பிடிக்கவும் ஈ கட்டவும் ஏன் சொல்லிக்கொடுக்கக்கூடாது? அவர்களுடைய தாத்தாமார் கூடை தூக்கிய கரைகள் அவை.

தண்ணிப்பூச்சிக்கும் இதில் பங்கு உண்டு. அது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் வாழாது. ஓடை சுத்தமா என்று பார்க்க ஆய்வாளர்கள் கல்லைப் புரட்டி முதலில் தேடுவது இந்த மாதிரிப் பூச்சிகளைத்தான். நுவரெலியா மாவட்டத்தில் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அடிக்கிற மருந்து மழையோடு எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் குடிக்கிறவர்களும் அந்த மலையில் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, என்னோடு அந்த வரிசையில் இருந்தவர்களில் இருவரைத் தேடிப் பிடித்தேன். ஒருத்தி ஜா-எலப் பக்கம், சிங்களப் பெண். இன்னொருத்தி நீர்கொழும்புத் தமிழ். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கோட்டை நிலையத்தில் விடியற்காலை பொடி மெனிக்கே ஏறினோம். புளிச்சாதமும் கட்டா சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை வழியாகப் பஸ்ஸில் அக்கரப்பத்தனை. மாமா இல்லை. அவருடைய மகன் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பொழுது சாய ஓடைக்குக் கூட்டிப்போனான்.

நான் சின்ன வயதில் குந்திய இடத்தில் இப்போது தண்ணீர்வரைக்கும் மரக்கறிப் பாத்தி. கல்லைப் புரட்டினோம், வழவழவென்று பாசிதான், பூச்சி ஒன்றும் இல்லை. "மேல காட்டு ஓரமாப் போவோம் அக்கா" என்றான் மாமா மகன். அரை மணி நேரம் ஏறினோம். ஜா-எலக்காரிக்கு முழங்கால் வலி, இரண்டு தடவை உட்கார்ந்து எழும்பினாள். மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்திருந்த இடத்தில் ஓடை அகன்றிருந்தது. சூரியன் போய், வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த நேரம். முதலில் ஒன்று கிளம்பியது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. சாம்பல் நிறத்தில், இறக்கையை நிமிர்த்திப் பாய்மரம்போல வைத்துக்கொண்டு, தண்ணீரோடு கொஞ்ச தூரம் மிதந்து, பிறகு எழும்பின. மீன் இருந்ததா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வட்டத்தைக் கண்டோம், அது மீன்தானா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஜா-எலக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கிற காலோடு தண்ணீரில் இறங்கினாள். குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து மேற்தண்ணீரை அள்ளினாள். உள்ளங்கையில் ஒரு தோல் கிடந்தது. பூச்சி போய்விட்டது. முதுகு வெடித்த, பழுப்பு நிறத் தோல், ஒரு நெல்மணிக்குச் சற்றுப் பெரிது, பின்னால் நீளமும் குட்டையுமாகத் தும்பு. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு சிங்களத்தில் எங்களைக் கேட்டாள், இதையா நாங்கள் வெட்டினோம் என்று.

நீர்கொழும்புக்காரி பதில் சொல்லாமல் அவள் கையிலிருந்து அதை நகநுனியால் எடுத்து, பஸ் டிக்கற்றில் வைத்து மடித்துத் தந்தாள். அது இப்போது பிஸ்கட் டின்னுக்குள் அந்த முட்களோடு இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் திறந்து காட்டுகிறேன்.